அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்

(இளைஞர்களுக்கான பயிற்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து அண்ணலைப் பற்றியும் பெரியாரைப் பற்றியும் பேசிவிட்டார்கள். இப்போது இவர் டிராபிக் போலீஸ் சலானைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். கூட்டம் முடிந்ததும் பாதிப்பேர் பைக்கில்தான் வீட்டுக்குப் போவீர்கள். அரசு அதிகாரத்தை நம் இளைஞர்கள் நேருக்கு நேர் அதிகமாகச் சந்திக்கும் இடம் சட்டமன்றமும் அல்ல, நீதிமன்றமும் அல்ல. இரும்புத் தடுப்பு போட்டு வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் அந்த முக்குதான்.

எனக்கு 19 வயது. அண்ணனின் வண்டியை எடுத்துக்கொண்டு இரவு வேலை முடிந்து வருகிறேன். நிறுத்தினார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் இருந்தது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப்போன அதிகாரி, "எந்த ஏரியாடா?" என்றார். சொன்னேன். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே கொட்டப்பட்ட மக்கள் வாழும் குடியிருப்பு அது. பெயரைச் சொன்னதும் கை வண்டிச் சாவிக்குப் போனது. "வண்டி யாரோடது? எங்க அடிச்ச?" என்று ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் நிற்கவைத்து, கடைசியில் பையில் இருந்த 300 ரூபாயை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். சீட்டு கிடையாது.

வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் ஒரு வழக்கறிஞர் தோழரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "சீட்டு இருக்கா?" இல்லை. தேதி சரியாக நினைவிருக்கிறதா? அதுவும் சந்தேகம். அதிகாரியின் பெயர்ப்பட்டையைப் பார்த்தாயா? பார்க்கவில்லை. "அப்ப எதுவும் நடக்கலன்னுதான் தம்பி அர்த்தம்" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. என் வாழ்வில் மறக்க முடியாத அந்த இரவு, அரசின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அன்றிலிருந்து நான் புரிந்துகொண்ட ஒன்றைத்தான் இன்று சொல்ல வந்தேன். அபராதச் சீட்டு நம்மைத் தண்டிக்கும் காகிதம் என்று மட்டும் நினைக்கிறோம். அது நமக்கான சாட்சியும்கூட. அதைத் தேடி எடுக்க, படிக்க, எதிர்க்க, சேர்த்துவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் போடாமல் போவது புரட்சி அல்ல. ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். இருசக்கர வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே சட்டம் எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுகிறதா என்றுதான் கேட்கிறேன்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் அபராதங்கள் பல மடங்கு ஏறின. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அவை நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லையென்றால் 100 ரூபாயாக இருந்தது 1000 ஆனது. லைசென்ஸ் இல்லையென்றால் 5000. இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் முறைக்கு 2000. கார் வைத்திருப்பவருக்கு 1000 ரூபாய் ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு. உணவு டெலிவரி செய்யும் தம்பிக்கு அது ஒரு நாள் முழுக்க ஓடினாலும் கைக்கு வராத காசு. அதனால்தான் இந்தச் சீட்டு சின்ன விசயம் அல்ல.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

நிறுத்தினால் நிறுத்துங்கள். வாக்குவாதம் வேண்டாம். காகிதங்கள் கையில் இல்லாவிட்டாலும் டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் இருக்கும் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் காட்டலாம். 2018இல் மத்திய மோட்டார் வாகன விதி 139 இதற்காகவே திருத்தப்பட்டது. ஆனால் போனில் எடுத்துவைத்த போட்டோ செல்லாது, செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். அபராதம் என்றால் சலான் கேளுங்கள். சீட்டில்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கொஞ்சம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படிக் கொடுப்பதும் குற்றம், நமக்கிருக்கும் ஒரே சாட்சியையும் அது அழித்துவிடும்.

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால், அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 206ஆவது பிரிவு. வண்டியைப் பிடித்துவைக்கும் அதிகாரம் 207ஆவது பிரிவில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல், வயது வராமல், பதிவு இல்லாமல், பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது போன்றவற்றுக்கானது அது. ஹெல்மெட் போடவில்லை என்பது அந்தப் பிரிவின் பட்டியலில் இல்லை. இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. தெரிந்தவன் நிற்கும் விதமே வேறாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன்பு நாலு வரி எழுதிவையுங்கள்: தேதி, நேரம், இடம், அதிகாரியின் பெயர்ப்பட்டையில் இருந்த பெயர், என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள். "எந்த ஏரியா?" என்று கேட்டிருந்தால் அதையும் அதே சொல்லில் எழுதுங்கள். சாதிப் பெயர் சொல்லிப் பொது இடத்தில் திட்டியிருந்தால் அது டிராபிக் விவகாரம் அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் வரும் தனிக் குற்றம். அதைச் சலானோடு குழப்பாமல் தனிப் புகாராகக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, தேடி எடுப்பது. இப்போது பல வழக்குகள் கேமராவில் படம் எடுத்து அனுப்பப்படுபவை. உங்கள் பெயரில் சலான் இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் பழைய போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி போயிருக்கும். ஒன்றிய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் மூன்றில் ஏதாவது ஒன்றை வைத்துத் தேடலாம். வண்டி எண் என்றால் இன்ஜின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையும் கேட்கும். ஆர்.சி.யில் இருக்கிறது. முகவரி கவனம்: அரசுத் தளம் "ஜிஓவி டாட் இன்" என்றுதான் முடியும். சலான் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டால் வங்கிக் கணக்கே காலியாகும். நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

எங்கள் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இதற்காகவே உட்காருகிறோம். ஒரு தம்பி வந்தான். டெலிவரி வேலை. வண்டியை விற்கப் போனபோது பெயர் மாற்றம் நடக்கவில்லை, நிலுவைச் சலான் இருக்கிறது என்றார்களாம். திறந்து பார்த்தால் 11 சலான். மொத்தத் தொகையைப் பார்த்து அவன் முகம் செத்துப்போனது. "கட்ட முடியாதுண்ணே, வண்டிய அப்படியே போட்டுடறேன்" என்றான்.

ஒவ்வொன்றாகப் படித்தோம். மூன்று சலானில் படத்தில் இருந்தது அவன் வண்டியே இல்லை. அவனுடையது பைக், படத்தில் ஸ்கூட்டர். நம்பர் பிளேட்டின் ஓர் எழுத்து தவறாகப் பதிவாகியிருந்தது. இரண்டு சலான், ஒரே இடத்தில் ஒரே குற்றத்துக்குச் சில நிமிட இடைவெளியில் போடப்பட்டவை. மீதி ஆறு சரியானவை. அதை அவனே ஒப்புக்கொண்டான். ஆறு போட்டதற்கு அவன் பொறுப்பு. ஐந்துக்கு யார் பொறுப்பு?

ஆகவே சலானைப் படிக்கும்போது முதலில் தொகையைப் பார்க்காதீர்கள். படத்தைப் பாருங்கள். அது உங்கள் வண்டியா? நம்பர் தெளிவாகத் தெரிகிறதா? இடம், நேரம் என்ன? அந்த நேரத்தில் நீங்கள் வேறெங்காவது இருந்ததற்குச் சான்று உண்டா? எந்தச் சட்டப் பிரிவு போட்டிருக்கிறார்கள்? படத்தில் தெரியும் செயலுக்கும் அந்தப் பிரிவுக்கும் பொருத்தம் உண்டா? 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு அறிவித்த விதிகள் கேமரா சலானுக்குச் சில நிபந்தனைகளைப் போட்டன. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நம்பர் பிளேட் தெரியும் தெளிவான படம், இடம், தேதி, நேரம், மீறிய பிரிவு எல்லாம் இருக்க வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தப் பதிவை அழிக்கக் கூடாது. நம்மிடம் மட்டும் அல்ல, அவர்களிடமும் காகிதம் கேட்கிறது சட்டம்.

தவறான சலான் என்றால் அதே தளத்தில் புகார் பதியும் வசதி உண்டு. படம், ஆர்.சி. நகல் எல்லாம் இணைத்து அனுப்பி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துக் காவல் அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு மனு கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அங்கே இரண்டு வழி காட்டும்: அபராதம் கட்டுகிறேன் அல்லது வழக்கை எதிர்கொள்கிறேன். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், முடிந்தது. எதிர்கொள்கிறேன் என்றால் வழக்கு உரிய நீதிமன்றத்துக்குப் போகும், அலைய வேண்டியிருக்கும். எது செய்வதானாலும் கெடு முடியும் முன் செய்யுங்கள். தள்ளிப்போட்டால் சின்ன வழக்கும் பெரிதாகும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்பீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். உதவி எண் 15100. அது சலுகை அல்ல, நம் உரிமை.

அந்தத் தம்பியின் கதைக்கு வருகிறேன். மூன்று சலான் ரத்தானது. இரட்டையாகப் போட்டதற்கான மனு இன்னும் நிற்கிறது. மீதியைத் தவணையாகச் சேர்த்துக் கட்டினான். வண்டி ஓடுகிறது. ஒரு ஆளுக்கு இது போதும். ஓர் இயக்கத்துக்குப் போதுமா?

போதாது. ஏன் என்பதற்கு வேறு ஒரு நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பெர்குசன் என்று சுமார் 21,000 பேர் வாழும் ஊர். 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அமெரிக்க நீதித்துறை விசாரணைக்கு வந்தது. அவர்கள் முக்கியமாக எடுத்துப் படித்தவற்றில் ஒன்று அந்த ஊரின் டிராபிக் சீட்டுகள்.

2015 மார்ச்சில் அறிக்கை வந்தது. ஊரில் கறுப்பின மக்கள் 67 விழுக்காடு. 2012 முதல் 2014 வரை நிறுத்தப்பட்ட வண்டிகளில் 85 விழுக்காடு அவர்களுடையவை, போடப்பட்ட சீட்டுகளில் 90 விழுக்காடு அவர்களுக்கு, கைதுகளில் 93 விழுக்காடு. வெள்ளையரைவிட இரண்டு மடங்குக்கு மேல் அவர்களைச் சோதனை போட்டார்கள். ஆனால் தடைசெய்யப்பட்ட பொருள் அவர்களிடம் கிடைத்ததோ வெள்ளையரிடம் கிடைத்ததைவிடக் குறைவு. ஒரு பெண், 2007இல் வண்டியைத் தவறாக நிறுத்தியதற்காக 151 டாலரும் கட்டணங்களும் கட்ட வேண்டியிருந்தது. தவணை தவறியதால் கைது, ஆறு நாள் சிறை. 550 டாலர் கட்டிய பிறகும் 2014 இறுதியில் அவர் பெயரில் 541 டாலர் பாக்கி நின்றது. ஊர் நிர்வாகம் தன் வருமானத்துக்காக அபராதத்தை ஏற்றச் சொல்லிக் காவல்துறையை நெருக்கியது அவர்களின் மின்னஞ்சல்களிலேயே இருந்தது. தங்களுக்கு வேண்டியவர்களின் சீட்டுகளை மட்டும் அதிகாரிகள் தள்ளுபடி செய்ததும் வெளியே வந்தது. காவல்துறைத் தலைவர், நகர மேலாளர், நகர நீதிபதி மூவரும் பதவி விலகினார்கள்.

அந்த மக்களுக்கு இது முன்பே தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கதை இருந்தது. கதையாக இருந்தவரை "தப்பு செய்தாய், மாட்டினாய்" என்றார்கள். எண்ணிக்கையாக மாறியபோது பதில் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. மிசௌரியில் 2000ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநரின் இனம் என்ன என்று காவலர் பதிய வேண்டும். ஆண்டுதோறும் அது வெளியாகும்.

நம் சலானில் சாதிக்கு இடம் இல்லை. அப்படி ஓர் இடம் வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். நடுரோட்டில் "நீ என்ன சாதி?" என்று கேட்கும் அதிகாரத்தைக் காவலருக்கு எழுத்தில் கொடுப்பதைவிட ஆபத்து வேறில்லை. சாதிப் பத்தி யார் கையில் இருக்கிறது என்பதுதான் எப்போதும் கேள்வி. சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பதை 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, கைதிகள் பதிவேட்டில் இருக்கும் சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. சரியான தீர்ப்பு. அதே நேரம், மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக இருக்கும் பட்டியல் சாதியினர் சிறையில் அதைவிடக் கூடுதல் பங்காக அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நாம் பேச முடிந்ததே தேசியக் குற்றப் பதிவு ஆணையம் அதை எண்ணி வெளியிட்டதால்தான். ஒதுக்கி வைக்க எழுதப்படும் சாதி வேறு, ஒதுக்கலைக் கண்டுபிடிக்க எண்ணப்படும் சாதி வேறு.

அப்படியானால் சாலையில் எதை எண்ணுவது? இடத்தை. நம் நாட்டில் முகவரி பாதிச் சாதியைச் சொல்லிவிடும். என்னிடம் அந்த அதிகாரி சாதி கேட்கவில்லை, ஏரியாதான் கேட்டார். சலானில் இடமும் நேரமும் பிரிவும் இருக்கின்றன. இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. "ஏன் எங்கள் பகுதியில் அதிகம் பிடிக்கிறீர்கள்?" என்று எழுதினால் பதில் வராது. இப்படி எழுதுங்கள்: குறிப்பிட்ட ஓராண்டில், காவல் நிலைய எல்லை வாரியாக, மாத வாரியாக, சட்டப் பிரிவு வாரியாகப் பதியப்பட்ட சலான்கள் எத்தனை, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு, ரத்து செய்யப்பட்டவை எத்தனை, வாகனத் தணிக்கை நடந்த இடங்கள் எவை. பெயரோ வண்டி எண்ணோ கேட்காதீர்கள். அது அடுத்தவரின் அந்தரங்கம், அதைக் காரணம் காட்டி மனுவையே மறுப்பார்கள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையம்.

இன்னொரு பக்கம் நம் நோட்டு. படிப்பகத்துக்கு வருகிறவர்களின் சம்மதத்தோடு தேதி, இடம், பிரிவு, என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் எழுதுகிறோம். வண்டி எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. நோட்டையும் அரசு தரும் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் என் ஐயம் உண்மையா இல்லையா என்று தெரியும். ஆம் தோழர்களே, இது ஐயம்தான். எண்ணிக்கை வேறு மாதிரி சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த நேர்மை இல்லாவிட்டால் நம் நோட்டை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. சாலை நமக்குச் சும்மா கிடைத்தது அல்ல. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகப் பெரியார் இரண்டு முறை சிறை போனார். 1928இல் பம்பாய் அரசு தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்கக் குழு போட்டது. அதில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1929இல் விசாரணைப் பயணத்தில் சாலிஸ்கான் போனார். தீண்டப்படாதவரை ஏற்றிக்கொண்டு ஓட்ட எந்தக் குதிரை வண்டிக்காரரும் முன்வரவில்லை. ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவரே ஓட்டினார். வழியில் பாலத்தில் விபத்து, அண்ணலின் கால் முறிந்தது. பாரிஸ்டர் பட்டம் வாங்கிவந்தவருக்கு நடந்தது இது. அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். ஆண்டோடு, ஊரோடு, யார் என்ன சொன்னார்கள் என்பதோடு எழுதிவைத்தார். அவர் எழுதாவிட்டால் அது வெறும் வண்டி விபத்து.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். சாலை இன்னும் நம்முடையதாகவில்லை.

என் 19 வயது இரவை இனி எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற முடியாது. உங்கள் இரவுகளை ஏற்ற முடியும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வண்டி எண்ணைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு அப்பாவின் வண்டி, பக்கத்து வீட்டு அண்ணனின் ஆட்டோ. கிடைத்த சலானைப் படம் பாருங்கள், இடம் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை படிப்பகத்துக்கு எடுத்து வாருங்கள். ஹெல்மெட்டோடு வாருங்கள்.

ஜெய்பீம்!